எரல் டக்வெல்லை உதைத்த குதிரை

எங்கள் பார்கால்டைன் ஊரில் பந்தயக் குதிரை ஓட்டுகிறவனுக்கு எலும்பு முறிவது, மற்றவர்களுக்குச் சளி பிடிப்பதுபோல. எரல் டக்வெல் தன் முறிவுகளைப் பதக்கம்போல வைத்திருந்தவன். விலாவை முறித்தது எந்தக் குதிரை, தோளை முறித்தது எது என்று கேளாமலே சொல்வான். ஜெயித்த பந்தயங்களைக் கேட்டால் பேச்சை மாற்றுவான்.

ஐம்பத்தொரு வயதில் மூளையில் கட்டி. அறுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், குதிரையேறக் கூடாது என்றார்கள். இரண்டு வருஷம் ஏறவில்லை. ஏறாத எரலோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படியென்று அவன் மனைவி நோலீனைத்தான் கேட்க வேண்டும். செப்டம்பர் பந்தயத்தில் ஒரே ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். பிழைத்துக் கிடந்ததற்கு அவன் வைத்திருந்த காரணம் அது ஒன்றுதான்.

இடுப்பு வலிக்கவே எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஹெய்க் திரையைத் திருப்பினார். முதுகெலும்பில் ஒன்று, இடுப்பில் இரண்டு கரும்பொட்டுகள்.

"பழைய முறிவுன்னா இந்நேரம் மங்கிப் போயிருக்கும், எரல். இது புதுசு. விழுந்தியா?"

விழுந்தேன் என்றால் ஓட்ட விடமாட்டார்கள். இல்லை என்றால் மேலும் தோண்டுவார்கள்.

"லாயத்துல ஒண்ணு உதைச்சிருச்சு டாக்டர். போன மாசம். டச்சஸ்னு ஒரு சனியன்."

"டச்சஸை வித்து மூணு வருஷமாச்சே," என்றாள் நோலீன்.

"இவளுக்குக் குதிரையைப் பார்க்கத் தெரியாது டாக்டர். ஆளையும்தான். இல்லேன்னா என்னைக் கட்டியிருப்பாளா?"

டாக்டர் சிரித்தார். நோலீன் சிரிக்கவில்லை. "அந்தக் கட்டி எலும்புக்குப் போயிருக்குமோ?"

"மூளைக்கட்டி மண்டையைத் தாண்டாது, நோலீன். வீட்டோட கிடக்கிற ரகம் அது."

பெரும்பாலும் உண்மைதான். படித்தவர்களுக்குப் 'பெரும்பாலும்' போதும்.

ஆகஸ்டில், ஓட்டிப் பழக என்று சேணவாரை இழுத்துக் கட்டும்போது அவன் முதுகெலும்பு நொறுங்கியது. குதிரை அசையக்கூட இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஊசி குத்தி எலும்பில் சிறிது எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்கட்டியேதான். அரிதிலும் அரிது என்றார்கள். கண்காட்சியில் பரிசு வாங்கிய கடாவைப் பார்ப்பதுபோல ஏழெட்டு டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். படங்களை மாநாட்டில் காட்டலாமா என்று ஒருவர் கேட்டார்.

"காட்டுங்க. பேரையும் போடுங்க."

"பேர் போடக் கூடாது. விதி."

"ஆயுசுல ஒரு தடவை முதல்ல வந்திருக்கேன். அதுக்கும் பேர் கிடையாதா?"

எல்லோரும் போன பிறகு எரல் ஹெய்க்கைக் கேட்டான்: "அப்போ செப்டம்பர்?"

ஹெய்க் இளகிய மனிதர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே நான் எதையும் தடுக்கப் போறதில்லை, எரல். தாராளமா ஓட்டு."

எரல் நோலீனைப் பார்த்தான். அவள் அவன் கக்கத்தில் கைகொடுத்து நிமிர்த்தி உட்காரவைக்கப் பார்த்தாள். முடியவில்லை.