சுக்கு நாறிய வீடு

தேனியில் மருந்து வாங்கப் போனபோது, பக்கத்தில் நாய் பூனைகளுக்கான கடை ஒன்று இருந்தது. வளர்ப்புப் பிராணிகளின் நாற்றம் போக்கும் ஷாம்பு என்று எழுதியிருந்த பாட்டிலைத் திறந்து மோந்தேன். ஏலக்காய் வாசம். “என்ன வளக்குறீங்கண்ணே?” என்றான் கடைப்பையன். “கீரி” என்று வாய் வரை வந்தது. எனக்கு எல்லாமே வாய் வரைதான் வரும். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் கீரி வளர்த்தது, எங்கள் தெருவில் யார் கையிலும் செல்போன் இல்லாத காலத்தில். கம்பத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை பார்த்துக்கொண்டு அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிறவர். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. மதினியின் முதுகுக்குத் தெரியும். திராட்சைத் தோட்டத்துக் கம்பியில் மாட்டிக் கிடந்த கீரிக்குட்டியை நான்தான் கொண்டுவந்தேன். சுக்கு நிறம். சுக்கு என்றே கூப்பிட்டோம்.

வளர வளர அது நாறியது. “இன்னொரு தடவ நாறுச்சு, அடிச்சுக் கொன்னு ஆத்துல எறிஞ்சிருவேன்லே” என்றார் அண்ணன். சொன்னால் செய்கிறவர்.

நானோ ஏலக்காய்த் தொலியை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் சுக்கைத் தினமும் குளிப்பாட்டினேன். அது என் கையைக் கிழித்ததுதான் மிச்சம். “பாயசத்துல எலி செத்த மாதிரி இருக்கு தம்பி” என்று மதினி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. உதைத்தார். சுக்கு சுவரில் மோதி விழுந்தது.

பிறகு குழாய் உடைந்து தெருவுக்கே தண்ணீர் வரவில்லை. குளிப்பாட்டு நின்றது. அது படுக்கிற சாக்கை மட்டும் வெயிலில் போட்டேன். நாற்றம் குறைந்துவிட்டது! பகலெல்லாம் மதினி மடியில் கிடக்கும், மண்வாசம்தான் வரும். சாயங்காலம் அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டை உதைக்கிற சத்தம் கேட்டதும் வால்மயிர் குத்திட்டு நிற்கும். குப்பென்று வீடே நாறும்.

“மதினி, இது பயந்தாத்தான் நாறுது.”

தோசையைத் திருப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உங்கண்ணன் வந்தாகன்னா எனக்கும் அப்படித்தான் வேர்க்குது.”

வெளியே ஸ்டாண்டு சத்தம் கேட்டது. உள்ளே நாற்றம் எழுந்தது. அண்ணன் கம்பியோடு வந்தார். முதல் அடியில் சுக்கின் பின்கால் முறிந்தது. இரண்டாவது அடி விழுமுன் அது அவர் கைப் பெருவிரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. நிலைக்கதவில் அடித்தார், அடித்தார். விடவில்லை. கதவெல்லாம் ரத்தம், யாருடையது என்று தெரியவில்லை. மதினி கல்லில் கிடந்து காய்ந்த தோசைக்கரண்டியை அவர் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். அண்ணன் அலறிக் கையை உதறினார். சுக்கு விழுந்து, காலை இழுத்துக்கொண்டு சலதாரை ஓட்டை வழியாக வெளியேறியது.

அண்ணன் மதினியின் கொண்டையைப் பிடித்தார். நான் நடுவில் புகுந்தேன். என் முன்பல் ஒன்று அன்று போனது. நான் அவரைக் கட்டிப் பிடித்திருக்க, மதினி செருப்புக்கூட இல்லாமல் பஸ் ஏறி ஜெயமங்கலத்துக்குத் தன் ஆத்தா வீட்டுக்குப் போனார். திரும்பவே இல்லை.

சுக்கும் வரவில்லை. திராட்சைத் தோட்டம் பிளாட்டாகிவிட்டது. வீடு இடிந்தது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வருடங்களில் விரல் மடங்காத கையோடு அந்த வீட்டில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டார்:

“ஏலே, வீட்ல ஒரு வாடையுமே இல்லயேடா?”

பதில் வாய் வரை வந்தது.