காக்கா என்றால் யார்?

எறிந்த கல்லும் சொன்ன சொல்லும் திரும்பாது என்பார்கள். கோர்ட்டில் சொன்ன சொல் டைப்பும் ஆகிவிடும். எண்பதுகளில் பம்பாய் கோர்ட்டில் நான் தமிழ் இன்டர்பிரட்டர். தாராவியில் காதால் பிடித்த இந்தியும் இங்கிலீஷும்தான் என் படிப்பு.

அன்று அரசுத் தரப்பில் சரோஜா மேடம். மாட்டுங்கா பகுதிக்காரர்; எங்கள் கோர்ட்டுக்கு வந்த முதல் பெண் பிராசிக்யூட்டர். தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் மண்டை உடைந்து, பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொலை முயற்சி என்று கூண்டில் நின்றவர் அவருடைய சித்தப்பா, காயல்பட்டினத்துக் காதர் பாய். அலறலைக் கேட்ட ஒரே சாட்சி, பக்கத்து வீட்டு அம்மாள்.

"என்ன சொல்லிக் கத்துனாரு?" மேடத்தின் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"'காக்கா, அடிக்காதீங்க'ன்னாருய்யா."

பம்பாயில் காக்கா என்றால் சித்தப்பா. யோசிக்காமல் "அங்கிள்" என்றேன். டைப் ஆனது. ஆனால் காதர் பாய் முகம் மலர்ந்தது. எனக்கு விளங்கவில்லை.

இடைவேளையில் வராந்தாவில் கான்ஸ்டபிளோடு நின்றவரிடம் கேட்டேன்.

"அல்லா காப்பாத்திட்டான் தம்பி. எங்கள்ல காக்கான்னா அண்ணன். என்னைய அவன் சாச்சான்னுல்லா கூப்புடுவான்! அந்தம்மா சரியாச் சொல்லிட்டாஹ. எனக்கு விடுதலைதானே?"

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் 'அங்கிள்' என்றது அவருக்குப் புரிந்திருக்கவில்லை. மேடமிடம் ஓடிச் சொன்னேன்.

"நிச்சயமாத் தெரியுமோ?"

"தெரியும் மேடம். தப்பு என்னுது. வேலை போயிரும்."

"என் கேஸும்தான் போகும். வாங்கோ."

கோர்ட் கூடியதும் அவரே எழுந்து, சாட்சியை மறுபடி கூப்பிட வேண்டும் என்றார். பின்வரிசையில் ஒரு வக்கீல், "மேடம் அப்னே ஹி கோல் மே!" என்றார். சொந்தக் கோலிலேயே பந்தடிக்கிறாராம். சிரிப்பு. மேடம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் அதே சொல்லைச் சொன்னார். நான் கைகூப்பி என் தப்பைச் சொன்னேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கோர்ட்டில் இதுவரை இப்படி எத்தனை சொல்லை மாற்றியிருக்கிறாய்?"

எனக்கு இன்றும் தெரியாது.

காதர் பாய் வீடு போனார். போலீஸ் அடிபட்டவரின் அண்ணனைத் தேடிப் போனது. எனக்கு வேலை போகாமல் ஒரு மெமோவோடு போயிற்று. மேடம் பிற்பாடு முனிசிபல் தேர்தலில் நின்றபோது தாராவி மேடையில் ஒருவன், "கையில இருந்த கேஸைத் தோத்தவங்கதானே நீங்க?" என்று கத்தினான். "ஆமாம்ப்பா, தோத்தேன். இன்னொரு தடவையும் தோப்பேன்" என்றார். ஜெயித்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. உறவுச் சொல் வந்தால் நிறுத்துங்கள். "உங்க ஊர்ல அது யாரு?" என்று கேளுங்கள். ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும்.