கணவர் ஆஜராகவில்லை

ஜெயகிருஷ்ணன் சபரிமலைக்கு இருமுடி கட்டுகிற நாளும், அவன் மனைவி விஷாகாவைக் குடியுரிமை விசாரணைக்குச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்கு வரச்சொன்ன நாளும் ஒரே நாளாக அமைந்துவிட்டன. வேறொருத்தியாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். விஷாகாவுக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நல்லதாகப் போயிற்று, இனி அவர் வரவே முடியாது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை எண்ணிப் பிற்பாடு எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாளோ! அடித்துக்கொண்டு என்ன பிரயோசனம், நினைத்தது நினைத்ததுதானே.

விஷாகா யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்தவள். பொத்தேரியில் இருக்கும் பெரிய கல்லூரியில் படிக்க, முறையாக விசா வாங்கி, விமானத்தில் வந்து இறங்கியவள். இதை வாழ்நாள் முழுக்க அவள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இலங்கை என்று வாயைத் திறந்தால் போதும், "எந்த கேம்ப்புமா?" என்று கேட்காத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. கேட்பவர்கள் மேல் தப்பில்லை. ஆனாலும் காய்கறிக்காரரிலிருந்து கேஸ் ஏஜென்சிக்காரர் வரைக்கும் அதே பதிலைச் சொன்னால் யாருக்குத்தான் அலுக்காது?

ஜெயகிருஷ்ணன் அப்போது பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மாமல்லபுரத்துக்காரன், அவசரக்காரன், மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவன். "இடியப்பத்துக்குச் சொதி இல்லையோ?" என்று ஒரு நாள் அவள் கேட்க, "சொதியா? அது இன்னாது?" என்று முழித்தான். இரண்டு நாள் கழித்து, தன் அக்கா கோமளத்தின் உயிரை வாங்கி, எதையோ செய்யவைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து நின்றான். அது சொதியும் இல்லை, சாம்பாரும் இல்லை. வாயில் வைக்க முடியவில்லை. அவள் ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள். கல்யாணம் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் செய்த ஆர்ப்பாட்டம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கு மாமல்லபுரத்திலேயே ஒரு கடற்கரை ஹோட்டலில் கணக்கு வேலை கிடைத்தது. பக்கத்து வீடு கோமளம். இவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. "இன்னாமா, இன்னைக்கு இன்னா கதைக்கிற?" என்று தெரு கேலி செய்யச் செய்ய, விஷாகா 'கதைக்கிறது' எல்லாவற்றையும் 'பேசுறது' ஆக்கிக்கொண்டாள். 'ஓம்' என்பது 'ஆமா' ஆனது. கோபம் வந்தால் மட்டும் பழைய தமிழ் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆண்டுதோறும் விசாவை நீட்டிக்க வேண்டும். ஆண்டுதோறும் போலீஸ்காரர் ஒருவர் வந்து, இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார். ஜெயகிருஷ்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் பொண்டாட்டிய வருஷா வருஷம் எவனோ வந்து எண்ணிப் பாத்துட்டுப் போறான். ஆடா மாடா இவ?" என்று குதிப்பான். இந்தியரைக் கட்டிக்கொண்டவள் என்ற முறையில் குடியுரிமை கேட்டு மனுப்போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அவன்தான். சட்டம் கேட்கிற ஏழு வருஷமும் காத்திருந்தான். மனுப்போடுவதற்கு முந்தைய ஒரு வருஷம் நாட்டைவிட்டு அசையவே கூடாது, அசைந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார்.

அந்த வருஷம் முடிய இன்னும் ஒரே மாதம். அப்போதுதான் பருத்தித்துறையில் அவள் அம்மா கண்ணை மூடினாள்.

விஷாகா அழுதுகொண்டே பையை எடுத்துவைத்தாள். ஜெயகிருஷ்ணன் பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஏழு வருஷம்மா. இன்னும் ஒரு மாசம்தான். இப்ப போனா எல்லாம் பூடும். சொன்னா கேளு" என்றான். சொன்னவன் பக்கத்திலாவது உட்கார்ந்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வேலைக்குப் போய்விட்டான். அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்வது!

அம்மாவின் இறுதிச் சடங்கை அவள் போனில்தான் பார்த்தாள். போனைப் பிடித்திருந்த சித்தி மகன் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டிருந்தான். வானமும் தென்னை ஓலையும் யாருடைய முதுகோதான் தெரிந்தன. அம்மாவின் முகம் ஒரே ஒரு தரம் வந்து போனது.

அன்றிலிருந்து அவள் புருஷனோடு பேசுவதில்லை. மனுப்போட்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் ஊமைப் படம்தான். அவன் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அக்காவிடம் சொல்வான். இவள் சாப்பாடு எடுத்துவைத்ததைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் இப்படி இருப்பது லேசில்லை. ஆனால் பழகிவிட்டது, அதுதான் கொடுமை.

இந்தக் கார்த்திகையில், இதுவரை மலைப்பக்கமே போகாத ஜெயகிருஷ்ணன் திடீரென்று மாலை போட்டுக்கொண்டான். கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். படுக்கையும் சாப்பாடும் குருசாமி வீட்டு மாடியில் மற்றச் சாமிகளோடு. 'வீட்டில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சாமியாரானார்' என்றே விஷாகா எடுத்துக்கொண்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மார்கழியில் விசாரணைக்கு நாள் குறித்து அவள் போனுக்குத் தகவல் வந்தது. அவள் மூச்சு விடவில்லை. அதே வாரம் கோமளம் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழம காலைல தம்பிக்கு இருமுடி... ஐயோ, தப்பு தப்பு, சாமிக்கு இருமுடி கட்டுறாங்க. உன்னைக் கண்டிப்பா வரச்சொல்லிச்சு. பொண்டாட்டி கையால அரிசி போடணும்டி."

"பார்ப்பம், அண்ணி" என்றாள் விஷாகா.

வெள்ளிக்கிழமை அவள் முதல் பஸ்ஸிலேயே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் முறை வர வெயில் ஏறிவிட்டது. உள்ளே இருந்த அதிகாரியின் பெயர் பூபாலன். அவரைப் பார்த்ததும் விஷாகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை, மேசைக்கடியில் செருப்பில்லாத கால். அவரும் ஐயப்ப சாமி.

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எங்க? வெளிய இருக்காரா?"

"இல்லைங்க சார். அவர் வரேல்லை" என்றாள். பதற்றத்தில் பழைய தமிழ் எட்டிப்பார்த்தது.

அவர் ஃபைலைப் புரட்டினார். "கல்யாணத்தை வெச்சுக் கேக்குற குடியுரிமைம்மா இது. அவர் வரலன்னா எப்படி? அதோட, லோக்கல்ல விசாரிச்சவங்க, கணவர் இப்ப வீட்ல தங்கறதில்லன்னு எழுதியிருக்காங்க. சேர்ந்துதானே வாழறீங்க?"

எட்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தானா? இதில் சறுக்கினால் எல்லாம் போயிற்று.

"ஓம் சார். சேர்ந்துதான் இருக்கிறம். அவர் மாலை போட்டிருக்கிறார். அதால குருசாமி வீட்டில தங்கியிருக்கிறார்."

பூபாலனின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, சாமியா! அதச் சொல்லக் கூடாதா மொதல்ல? இந்த ரிப்போர்ட்டு எழுதினவனுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாம்?" என்று பேனாவை எடுத்தார். விஷாகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் எழுதிக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்: "எத்தனாவது வருஷம் மலைக்குப் போறாரு?"

"முதல் தடவை."

"கன்னிசாமியா! இருமுடி எப்பம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. "இன்றைக்கு" என்றாள்.

பேனா நின்றது. பூபாலன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்கா? கன்னிசாமிக்கு இருமுடி கட்டுறாங்க, பொண்டாட்டி நீங்க இங்க உக்காந்திருக்கீங்க? அப்ப அரிசி யாரு போடுறது?"

விஷாகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வேற நாள் கேட்டு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா மாத்திக் குடுத்திருப்பமே. இன்னைக்குத்தான் இன்டர்வியூன்னு அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. குரல் தணிந்தது.

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். அத நான் கேக்கல. இப்ப அவருக்குப் ஃபோன் போடுங்க. ரெண்டு வார்த்தை நான் பேசிடறேன். பேசினேன்னு எழுதிட்டா ஃபைல் மேல போயிடும்."

வெளியே ரோட்டில், "சாமியே..." என்று ஒரு குரல் எழும்ப, பத்துப் பதினைந்து குரல்கள் சேர்ந்து, "சரணம் ஐயப்பா!" என்றன. ஏதோ வேன் நிற்கிறது போலிருக்கிறது. பூபாலனும் கண்ணை மூடித் தனக்குள் ஒரு சரணம் சொல்லிக்கொண்டார். மார்கழியில் எந்த ரோட்டில்தான் இந்தச் சத்தம் இல்லை? விஷாகாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நம்பரை அழுத்த வேண்டும். 'ஹலோ' சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷம் பிடித்துவைத்திருந்த வீம்பை, முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டும். முடியவில்லை.

"அவர் இப்ப போன் எடுக்க மாட்டார், சார்."

பூபாலன் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று சொல்லி, ஃபைலில் 'கணவர் ஆஜராகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மறுபடி எப்ப கூப்பிடுவாங்கன்னு சொல்ல முடியாது. அப்ப நான் இந்த சீட்ல இருப்பேனான்னும் தெரியாது. பஸ் புடிச்சுப் போங்க. வேன் கெளம்புறதுக்குள்ளயாவது ஒரு பிடி அரிசி போடப் பாருங்க."

பஸ் ஊர்ந்தது. திருக்கழுக்குன்றத்தில் அரை நாள் நிற்கிற மாதிரி நின்றது. தெருவுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது. குருசாமி வீட்டு வாசலில் உதிர்ந்த பூவும் சிந்திய அரிசியும்தான் கிடந்தன.

அவள் வீட்டுக் கதவு, பூட்டிவிட்டுப் போனபடியே பூட்டியிருந்தது. வாசற்படியில் உடைத்த தேங்காயின் சில்லுகள் சிதறிக் கிடந்தன. மலைக்குக் கிளம்புகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத வாசலில் அவன் தனியாக நின்று உடைத்துவிட்டுப் போயிருக்கிறான். எறும்புகூட வந்துவிட்டது.

கோமளம் எதிரே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கடி போயிருந்த? உனக்காகக் கட்ட வுடாம உக்காந்துகினு இருந்தான். குருசாமி சத்தம் போட்ட பொறவுதான் பையை நீட்டினான். நான் அரிசி போட்டேன்."

"அவருக்கு என்னத்துக்கு அண்ணி இந்த மாலை? என்னைப் பார்க்கப் பிடிக்காமத்தானே போட்டவர்?"

"அடிப் பாவி! அப்பிடியா நெனச்சுகினு இருந்த? இன்னைக்குத்தான் வாயத் தொறந்து சொன்னான். பெத்தவ சாவுக்கு அனுப்பாம பாஸ்போட்டப் பூட்டி வெச்சேன், அந்தப் பாவம் என்னோட போவட்டும், அவ மனசு ஆறட்டும்னு வேண்டிக்கினுதான் மாலை போட்டேன்னான். எல்லாரு முன்னாடியும் அழுதான்டி."

விஷாகா படியில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். கலெக்டர் ஆபீசில் முடியாதது இப்போது யோசிக்காமலே முடிந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சாமி சரணம். சொல்லுங்கம்மா."

மாலை போட்டவனுக்கு எல்லாப் பெண்களும் அம்மாதான், மனைவி உட்பட. தெரிந்ததுதான் என்றாலும் அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். இண்டைக்குத்தான் எனக்கு இன்டர்வியூ. செங்கல்பட்டில. உங்களுக்குச் சொல்லாமப் போனனான். நீங்கள் வரேல்லை எண்டு எழுதிப்போட்டினம்."

வேனுக்குள் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். அவன் அதைக் குறைக்கச் சொல்வது கேட்டது.

"இன்னைக்கா? எத்தினி மணிக்கு?"

"பதினொரு மணி இருக்கும்."

வண்டி எங்கே வந்திருக்கிறது என்று அவன் யாரிடமோ கேட்டான்.

"நாங்க கருங்குழி தாண்டிட்டோம்" என்றான். "பதினொரு மணிக்கு கலெக்டர் ஆபீஸ் வாசல்லதான் வண்டி நின்னுகினு இருந்தது. அங்க டிரைவரா வேலை செய்ற சாமி ஒருத்தர் ஏறணும்னு அரை மணி நேரம் நிறுத்தினாங்க. நான் எறங்கி வாசல் கேட்டாண்டதான் நின்னேன். ஒரு ஃபோன் பண்ணியிருந்தா ஓடியாந்திருப்பேனே, விஷாகா."

பெயரைச் சொல்லிவிட்டது அவனுக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். "சாமி சரணம், சாமி சரணம்" என்று முணுமுணுத்தான். விஷாகா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அவன் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. கோமளம் குனிந்து தேங்காய்ச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.