எண்ணினால் வராத ஐந்து

உங்களுக்கு ஐந்து வரை எண்ணத் தெரியுமா? தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிரெஞ்சு பேசும் ஊரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், சனிக்கிழமை மிருதங்க வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தகதகிட, தகதகிட. ஐந்தும் சமம், ஐந்தும் சுத்தம். பட்டம் எடுத்தது கம்ப்யூட்டரில், வேலை புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில். ஆனாலும் இந்தக் கை சும்மா இருக்காது, பஸ் கண்ணாடியிலாவது தட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு ஹெயிட்டிக்காரர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். பியானோ வாசிப்பவர், இசையமைப்பவர். ஊரில் சர்வாதிகாரம் வந்ததும் தப்பி வந்து, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து, மிச்ச நேரமெல்லாம் இசை எழுதியிருக்கிறார். அவர்கள் ஊரில் மெரேங் என்று ஒரு நடனம், கல்யாண வீடு முதல் தெருமுனை வரை ஆடுவார்கள். அதை எடுத்துக் கச்சேரி மண்டபத்துக்கான பியானோ இசையாக்கினார். இசைக் கல்லூரிக்காரர்கள் இது நாட்டுப்புறம் என்றார்கள். அவருடைய சனங்கள் இதற்கு ஆட முடியாது, நித்திரை வருகிறது என்றார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்தினால் மனுஷன் எங்கே போவார்? எழுதி எழுதி, பியானோவுக்கு முன்னால் உட்காரும் வாங்குப் பெட்டிக்குள்ளே அடுக்கினார்.

இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது, மேடையில் வாசிக்க முடியாது. போன மாதம், பழைய பிரதி ஒன்றைப் பார்த்த ஓர் இளம் பியானோக்காரன் போன் எடுத்து, உங்கள் மெரேங்கை என் கச்சேரியில் வாசிக்கிறேன், ஆனால் கையெழுத்து விளங்கவில்லை, அச்சில் வேண்டும் என்றான். தன் இசையை இன்னொருவர் மேடையில் வாசித்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டர் தெரிந்த மேல்வீட்டுப் பெட்டை என்று என்னைக் கூப்பிட்டார்.

அவர் பேசுவது பிரெஞ்சு. என் தலைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும். அப்படியே எழுதுகிறேன். நான் அவரைக் கூப்பிடும் 'மிசியே' என்றால் ஐயா.

அவர் மெல்ல வாசித்துக் காட்டினார். இடது கையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து தட்டு. என் தொடையில் கை தானாகத் தாளம் போட்டது. இவ்வளவுதானா? ஒரே மூச்சில் முழுதையும் தகதகிடவாகத் தட்டெழுதி, கம்ப்யூட்டரை வாசிக்க விட்டேன்.

அவர் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"பிள்ளை, உது என்ன தையல் மெசினோ?"

"மிசியே, ஐஞ்செண்டால் ஐஞ்சுதானே?"

"அது உன்ரை ஐஞ்சு. என்ரை ஐஞ்சு கொஞ்சம் குடிச்சிருக்கு."

சரி என்று நீளம், குட்டை, நீளம், குட்டை, நீளம் என்று மாற்றினேன். புத்தகங்களில் அப்படித்தான் போடுகிறார்கள்.

"இப்ப பட்டாளம் போகுது," என்றார். "நிப்பாட்டு."

"அப்ப எங்கதான் இருக்கு அது?"

"ரெண்டுக்கும் நடுவிலை."

"நடுவிலை எழுதக் குறி ஒண்டும் இல்லை மிசியே!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பியானோவுக்கும் அடுப்புக்கும் நடுவில் இடுப்பை அசைத்து ஆடத் தொடங்கினார். ஒரு கால் இழுபடும், மற்றது அதைப் பிடிக்க ஓடிவரும், பிடிக்காது. நான் எண்ணிப் பார்த்தேன். நாலில் தப்பியது, ஐந்தில் தப்பியது. எண்ணுவதை விட்டதும் விளங்கியது. திரும்ப எண்ணினேன், போய்விட்டது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னடி, ஐயாவுக்குக் கால் விறைச்சிட்டுதோ? இரு, எண்ணெய் கொண்டுவாறன்."

"அம்மா, அவர் ஆடுறார்!"

"இந்த வயசிலையோ? நீ பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாய். விழுந்தால் ஆர் தூக்கிறது?"

என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். உங்கள் ஆட்டம் நல்லாயிருக்காம் என்றேன். தலை குனிந்து அம்மாவுக்கு 'மெர்சி' என்று நன்றி சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு கிழமை முழுக்க வேலையிலும் இதே சனியன். சரக்கு நம்பர்களை அடிக்கும்போது கால் மேசைக்கடியில் இழுபட்டது. வேகத்தை மாற்றினேன், தட்டுகளைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினேன். கம்ப்யூட்டரில் ஓரளவு வந்தது. தாளில் பார்த்தால் எறும்புக்கூட்டம், பேய்கூட வாசிக்காது. பியானோக்காரன் மறுபடி போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டோம்.

"எதையாவது ஒண்டை எழுதித் தாங்கோ. எனக்கு எண்ண வேணும்."

"எண்ணாதை, தம்பி."

"எண்ணாமல் எப்பிடி வாசிக்கிறது?"

அவர் போனை வைத்தார். நீங்களே வாசித்துக் காட்டுங்கள், பதிவு செய்து அனுப்புகிறேன் என்று நான் கெஞ்சினேன். விரல்களை விரித்துக் காட்டினார்.

"இந்த விரலாலையோ? பிழையெல்லாம் சேர்த்துப் பழகுவான். தையல் மெசினையே அனுப்பு."

"அது உங்கடை மெரேங் இல்லை, மிசியே. நீங்களே சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். இத்தனை வருசம் வாங்குக்குள்ளை கிடந்தது மட்டும் என்ரை மெரேங்கோ? பிழையாயெண்டாலும் ஒருத்தன் வாசிக்கட்டும். நான் இருந்து கேக்கிறன். பேந்து சண்டை பிடிப்பம்."

நான் கத்தினேன், அவரும் கத்தினார், மேலே அம்மா தரையில் தட்டினாள். கடைசியில் என் தகதகிடவைத்தான் அனுப்பினேன். கச்சேரி வரும் வெள்ளி. ஒத்திகையைக் கேட்க இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எண்ணிக்கொண்டு வாசித்தால் இவர் எழும்பி ஆடிக் காட்டுவாரா, பேசாமல் இருந்துவிட்டு வருவாரா, எனக்குத் தெரியாது. கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் கீழே வாசலில் நிற்கிறார்.