காக்கைக்கு வைத்த சோறு

எங்கள் கொல்லைக்கு வரும் காக்கைகளில் ஒன்றுக்கு இடது காலில் விரல்கள் கிடையாது. என் மகள் கையிலிருந்து மட்டும்தான் அது சோறு எடுக்கும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மதகிலிருந்தே கூடப் பறந்து வரும். நான் கூப்பிட்டால் முருங்கைக் கிளையை விட்டு இறங்காது.

"உங்களக் கண்டா அதுக்கும் பயம்ப்பா. நீங்க வாத்தியாராச்சே" என்று சிரிப்பாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அந்தக் கோடையில்தான் குத்தகைக்கு விட்டிருந்த எங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டேன். குத்தகைதாரர் இருபது வருஷமாக அதை உழுதவர். அவர் பெயர் தாலுகா ஆபீஸ் குத்தகைப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு அசைக்க முடியாது என்ற பயம் எனக்கு. உழவுக்கு முன்பே வரப்பில் முள் வெட்டிப் போட்டு மறித்தேன். அவர் சங்கக் கொடியோடு ஆட்களைக் கூட்டி வந்தார். கைகலப்பானது. மறுநாள் காலை எங்கள் நாய் கிணற்றடியில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது.

"பூச்சி மருந்துதான். தண்ணியப் பாத்துக் குடிங்க சார்" என்றார் டீக்கடைக்காரர்.

ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. ஊரில் இருந்த இன்னொரு கிணறு குத்தகைதாரர் தெருவில். எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் உலை வைக்க வேண்டியிருந்தது.

காக்கைக்கு வைத்த பிறகு சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றிலிருந்து, அது தின்று அரை மணி நேரம் ஆகும்வரை யாரும் தட்டைத் தொடக்கூடாது என்றேன். நான் வைத்தால் காக்கை வரவில்லை. அதனால் மகளையே வைக்கச் சொன்னேன். அவள் கூப்பிட்டாள், வந்தது. நான் கடிகாரத்தையும் காக்கையின் கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் கேட்டாள்: "அது செத்துப்போகுதான்னு பாக்குறீங்களாப்பா?"

"பேசாம இரு."

"என்னைய நம்பித்தானே வருது?"

சமையலறையில் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாள் மகள் தட்டோடு துவைகல்லில் உட்கார்ந்தாள். காக்கை பக்கத்தில் இறங்கியது. நான் எழுவதற்குள் இரண்டு கவளம் அள்ளி வாயில் போட்டு, என்னைப் பார்த்தபடியே விழுங்கினாள். கல்லில் வைத்த காக்கையின் பங்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இப்பக் கடிகாரத்தப் பாருங்கப்பா."

பார்த்தேன். காக்கை அவள் கையைச் சுற்றிச் சுற்றி நடந்து கத்தியது. அவள் கையை எடுக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரம் முடிந்ததும் கையை எடுத்தாள். காக்கை தின்றது.

வரப்பில் போட்ட முள்ளை நான் போய் எடுக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று.