ரீஸ்லிங்குக்கு எது பொருந்தும்

யாங்கூனில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டல் ஒன்றில் பதினெட்டு வருடம் சாப்பாட்டு மேஜைகளைக் கவனித்தேன். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று கேட்பார்கள். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த தலைமைச் சமையற்காரர் எழுதிக் கொடுத்த தாளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைக் கையில் எடுத்தால் போதும், உறைப்புக்கும் புளிப்புக்கும் உப்புக்கும் இதுதான் பொருத்தம், இதன் லேசான இனிப்பு மிளகாயை அடக்கும், புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை வழித்துவிடும் என்று அளந்துவிடுவேன். அதில் ஒரு சொட்டுகூட நான் குடித்ததில்லை. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கும் குடும்பம் எங்களுடையது. ஆண்கள் யாரும் குடிப்பதில்லை. குடிக்காதவன் பேச்சை நம்பி அத்தனை பேரும் குடித்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

பிறகு வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. ஓட்டலை மூடினார்கள். கடைசி நாளன்று அலமாரியில் மிஞ்சிய பாட்டில்களை மேலாளர் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எனக்கு ரீஸ்லிங் வந்தது. பழைய கைலியில் சுற்றி, பஸ் பிடித்து, நகரத்தின் ஓரத்தில் தின்கன்ஜூனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அந்தக் கட்டிலில்தான் என் மனைவி படுத்திருந்தாள். வயிற்றில் புற்று. பிள்ளைகள் இல்லை, நாங்கள் இரண்டே பேர். மருந்து ஏற்றியதில் அவள் நாக்கு செத்துப்போயிருந்தது. கஞ்சி, முட்டை, மீன் எதைக் கொடுத்தாலும் ஆணியைச் சப்புவது போலிருக்கிறது என்று துப்பினாள். உடம்பு இன்னும் இளைத்தால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவள் தேறினால் பூக்குழி இறங்குவதாக வேண்டிக்கொண்டு, கோவிலில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள், ஊர் ஊராக வந்தவனுக்கெல்லாம் சொன்னீர்களே, செத்த நாக்குக்குத் தாளில் ஒன்றும் எழுதவில்லையா என்று. கேலிதான். எனக்குச் சுருக்கென்றது. டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஒரு வாய் குடித்தால் கெட்டுப்போகாது, சோறு உள்ளே போனால் சரி என்றார். வீட்டில் கரண்ட் இல்லை. அலோன் படகுத்துறைக்குப் போய் மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கிவந்து பாட்டிலைப் புதைத்தேன். அவள் அம்மா பர்மாக்காரி, அதனால் அவளுக்கு லபே தோ என்ற பர்மாத் தேயிலைக் கலவை என்றால் உயிர். ஊறவைத்த தேயிலையில் வறுத்த பூண்டு, எள், பச்சைமிளகாய், உலர்ந்த இறால் போட்டு எலுமிச்சை பிழிந்து பிசைந்தேன்.

ஒரு வாய் தேயிலை, ஒரு மிடறு ஒயின். மென்றாள். துப்பவில்லை. இன்னொரு வாய் தானே எடுத்தாள். ஐந்து வாய் எண்ணினேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போது தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் ஒரு வா குடிங்க. தனியா எறங்க மாட்டேங்குது."

நான் மணிக்கட்டைக் காட்டினேன். "காப்புக் கட்டியிருக்கேன்ல. ஒனக்காகத்தானே கட்டியிருக்கேன்."

"எனக்காகன்னா குடிங்க."

எனக்குக் கோபம் வந்தது. அம்மன் காரியத்தில் விளையாடாதே என்று அதட்டினேன். சாமியோடு நான் போட்ட பேரத்தை இவள் கெடுக்கிறாளே என்ற பயம். அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மறுநாள் அதையே பிசைந்து வைத்தேன், தொடவில்லை. அடுத்த மருந்தை ஏற்றவே இல்லை. அந்த மாதக் கடைசியில் போய்விட்டாள்.

தீட்டு வந்துவிட்டதென்று பூசாரி காப்பை அறுக்கச் சொன்னார். பதினாறாம் நாள் படையலில் அவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். தேயிலைத் தட்டையும் அந்தப் பாட்டிலையும் வைத்தேன். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. படைத்ததை வீட்டார்தான் சாப்பிட வேண்டும். எல்லோரும் போன பிறகு உட்கார்ந்தேன். ஒயின் சூடாக, கொஞ்சம் காடியாகியிருந்தது. இருந்தும் மிளகாய் அடங்கியது. எண்ணெய்ப் பிசுக்கை வழித்துக்கொண்டு போனது. தாளில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை.

ஐந்தாவது வாய்க்கு மேல் எனக்கும் இறங்கவில்லை. அன்று நான் குடித்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா, தெரியாது. தட்டைக் காலி செய்திருப்பாள்.