ஆணியில் தொங்கிய கலண்டர்

என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இராணுவத்தில் இருந்தபோது வடக்கே கண்ணிவெடியில் போனது. இதை இவ்வளவு நேராகச் சொல்வதற்கு அவர் மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை எனக்கு வாய் வரவில்லை. ஊரறிந்த இந்தச் சங்கதியை நான் ஒரேயொரு ஆளிடம் மறைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் மன்னார்ப் பக்கத்துப் பெண். தொண்ணூறில் இயக்கத்துக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுத் துரத்தியபோது கரைத்தீவில் ஓலைக்கொட்டிலுக்கு வந்து சேர்ந்தோம். அவர் புத்தளத்துக்காரர். காலை இழந்து வீடு திரும்பியிருந்த மனிதர், எங்கள் முகாமுக்குத் தண்ணீர்க் கலன்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். இரண்டு காலும் உள்ளவர்கள் நிழலில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். என் வாப்பா இதைக் கொஞ்சநாள் பார்த்துவிட்டு, ஆளனுப்பிச் சம்பந்தம் பேசினார்.

கல்யாணத்துக்குப் பிறகு பாலாவி உப்பளத்தில் காவல் வேலை கிடைத்தது. உப்புக்காற்றும் வெயிலும் பொய்க்கால் உரசுகிற இடத்தைப் புண்ணாக்கிவிடும். அஸர் தொழுகைக்குப் பிறகு கதிரையில் இருந்து காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் பூசுவார். ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. அந்த மனிதருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது படுக்கை விரிப்பு சுருங்கிக் கிடந்தால் மட்டும்தான். இராணுவ முகாமில் பழகிய பழக்கம், நாலு மூலையையும் இழுத்து மடித்தால்தான் ஆளுக்கு நித்திரை. மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தைத் தானே துடைப்பார். நான் கேலி செய்தால், "பரேட்டுக்குப் போற புள்ளயில்லியா" என்று சிரிப்பார்.

முன்னறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. சீருடையில் மூன்று பேர், நடுவில் இவர். மற்ற இருவரும் அந்தக் கண்ணிவெடியிலேயே போய்விட்டார்கள். இருவரும் சிங்களப் பொடியன்கள். ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிவாசலுக்குப் போகுமுன் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் போவார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, தலவில மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தோடு என் சிநேகிதியும் வந்தாள். ஊரில் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நாங்கள் வெளியேறிய அன்று அவளுடைய அம்மா வேலிக்கு மேலால் ஒரு பொட்டலம் புட்டு நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவளுடைய மூத்த மகன் கடைசிச் சண்டையில் செத்துப்போனான். எந்த இடத்தில் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வருகிறேன் என்று அவள் சொல்லியனுப்பியதும் முன்னறைப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஊர் என்று எனக்கு மிஞ்சியிருந்தது அவள் ஒருத்தி. ஆமிக்காரன் வீடென்று அவளும் வாசலோடு திரும்பிவிட்டால்?

படத்தைக் கழற்றி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். சுவரில் வெளிறிய சதுரம் தெரிந்ததால், அந்த ஆணியிலேயே கடைக்காரன் கொடுத்த கலண்டரை மாட்டினேன். பிறகு அவரிடம் போய்ச் சொன்னேன்.

"காலக் கேட்டா உப்பு லொறி அடிச்சதெண்டு சொல்லுங்க."

கலண்டரைப் பார்த்தார். "ஓம் புள்ள. ஒனக்கு அதுதான் நிம்மதியெண்டா சரி" என்றார்.

அவள் வந்து சாப்பிட இருந்தபோது காலைக் கேட்டாள். அவர் வாயெடுக்குமுன் லொறி அடித்ததென்று நானே சொல்லிவிட்டேன், உடனே சின்னவளாயிருந்த என் மகள் வாயைத் திறந்தாள்: "வாப்பாக்கு லொறி அடிக்கல்லியே." குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய் அறைந்தேன். உண்மை பேசியதற்காகப் பெற்ற பிள்ளையை அடித்த கை இது. அவர் எழுந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் சிநேகிதியைப் பாலாவிச் சந்திவரை கூட்டிப்போய், கோயிலுக்குப் போகிற கற்பிட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். திருவிழா முடிந்ததும் திரும்பி வருவேன் என்றவள், வராமல் நேரே ஊருக்குப் போய்விட்டாள். என் சாப்பாடு பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வருடம் வந்தாள். அவருக்கென்று ஒரு பை பனங்கிழங்கு ஒடியலும் கொண்டுவந்தாள். அதன்பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. நானும் தவறவில்லை, திருவிழாவுக்கு முதல் கிழமை படம் இறங்கும், கலண்டர் ஏறும். அவள் போனபின் அவர் கதிரையில் ஏறி, ஒற்றைக் காலில் சமாளித்துக்கொண்டு, படத்தைத் திரும்ப மாட்டுவார். நான் ஒருமுறையும் மாட்டிக் கொடுத்ததில்லை.

கடைசி வருடம் அவருக்கு நெஞ்சுவலி. சிலாபம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் முன்னறையிலேயே படுத்திருந்தார். திருவிழா முடிந்து ஒரு மாதமாகியும் சுவரில் கலண்டர்தான்.

"படத்தப் போடல்லியா புள்ள?"

"நாளைக்குப் போடுறன்."

இரண்டுமுறை கேட்டார். இரண்டுமுறையும் அதே பதில். மறைத்து மறைத்து, அது அலுமாரியில் கிடப்பதே எனக்கு வசதியாகிவிட்டது. மழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மௌத்தாகிவிட்டார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்று சிநேகிதி வந்தாள். நான் இத்தாவில், ஆண்கள் கண்ணில் படாமல், வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்.

"அண்ணன்ர ஆமிப் படம் எங்கடி? ஒருக்காப் பாக்கோணும்."

என் கண் அலுமாரிப் பக்கம் போனது.

"முதல் வருசமே எல்லாம் சொல்லிப்போட்டார், படத்தையும் சேத்து. பாலாவிச் சந்தியில. 'தங்கச்சி, நான் ஆமியில இருந்தவன். என்னோட நிண்ட ரெண்டு பேருக்கு அல்லாட்ட துஆக் கேக்கிற நேரம் ஒங்கட மகனுக்கும் சேத்துக் கேக்கிறன். இத அவக்குச் சொல்ல வாணாம், பயந்துபோவா' எண்டு. எனக்கு நெஞ்சு கொதிச்சுது. அதுதான் அந்த வருசம் திரும்பி வரேல்ல."

"பிறகு ஏன் வந்தாய்?"

"கோயில்ல முழங்கால்ல நிக்கேக்க யோசிச்சன். எனக்குப் பொய் சொல்லிச் சோறு போட அந்த மனுசனுக்கு மனம் வரேல்லயே. என்ர பிள்ளைய நினைக்க ஊரில ஆர் இருக்கினம்? உன்ர வீட்டில ஒரு ஆள் இருந்தார்."

அத்தனை வருடமும் அந்த வீட்டில் பொய் சொல்லிச் சோறு போட்டவள் நான் மட்டும்தான். அவர்கள் இருவரும் எனக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்தேன். பூச்சி உருண்டை மணத்தது. கண்ணாடி முழுக்கத் தூசி. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவர் கண்ண மூடேக்க இது இஞ்சயா கிடந்தது?"

"ஓம்" என்றேன். அவளுக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவள் என்னை ஏசவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படத்தோடு முன்னறைக்குப் போனாள். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் மகள் வந்து, கலண்டரை எங்கே வைக்கிறது என்று கேட்டாள்.